காட்டு ஓடைத் தண்ணீர்: ஃபில்டரா, குளோரின் மாத்திரையா, கொதிக்க வைப்பதா?

காட்டுக்குள் இரண்டு மூன்று நாள் தங்கப் போகிறோம், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் கத்தி, டெண்ட், டார்ச் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவற்றில் சுமாரானதை வாங்கினாலும் ஊர் திரும்பிவிடலாம். தண்ணீர் விஷயத்தில் அப்படி விட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏற்றத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் தேவைப்படும். லிட்டருக்கு ஒரு கிலோ எடை. இரண்டு நாள் தண்ணீரை முதுகில் ஏற்றிக்கொண்டு யாரும் ஏற மாட்டார்கள். ஓடையிலோ சுனையிலோ பிடித்துத்தான் குடிக்க வேண்டும். வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும், நடையும் நின்றுவிடும்.

அதற்கு நம் கையில் இருப்பவை மூன்று: கொதிக்க வைப்பது, குளோரின் மாத்திரை, நுண்குழாய் ஃபில்டர். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் ஃபில்டரை வாங்கி வைத்திருக்கிறேன், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் அது எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். காரணம் பராமரிப்பு. வாங்கும்போது கடைக்காரர் சொல்லாத விஷயம் அதுதான், அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

கொதிக்க வைப்பதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிருமியைக் கொல்வதில் இதை மிஞ்சியது இல்லை. பாக்டீரியா, வைரஸ், வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாக கிரிப்டோ) எதுவும் தப்பாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் 3 நிமிடம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. சிக்கல் நெருப்பில் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீக்குள் சிக்கி மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அதற்குப் பிறகும் யாரும் விளக்க வேண்டியதில்லை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். சுள்ளி பொறுக்கித் தண்ணீர் காய்ச்சும் யோசனையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி உள்ள முகாமில் சின்ன கேஸ் அடுப்பு வைக்கலாம் என்றாலும், ஒரு லிட்டர் கொதிக்க 10 முதல் 15 கிராம் வாயு செலவாகும். சமையலுக்கும் டீக்கும் சரி, நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீருக்குக் கட்டுப்படியாகாது. ஆற வைக்கவும் நேரம் வேண்டும். இமயமலைப் பக்கம் விமானத்தில் போகிறவர்கள் கேஸ் குப்பியைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது.

குளோரின் மாத்திரைக்கு வருவோம். வெள்ளம் வந்தால் சுகாதாரத் துறை வீடு வீடாகக் கொடுக்கும் மாத்திரையின் குடும்பம்தான் இதுவும். மலையேறுபவர்கள் வாங்குவது பெரும்பாலும் சோடியம் டைக்ளோரோஐசோசயனுரேட் என்ற வகை. 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் அளவுக்கும் சின்ன மாத்திரை கிடைக்கிறது, பையில் வைக்க அதுதான் வசதி. போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எடை கிடையாது, உடைய ஒன்றும் இல்லை, பராமரிப்பு என்றால் பட்டையின் காலாவதித் தேதியைப் பார்ப்பதும் ஈரம் படாமல் வைப்பதும் மட்டும்தான். பாக்டீரியாவும் வைரஸும் அடங்கிவிடும்.

இதற்கு இரண்டு குறை. முதலாவது கிரிப்டோஸ்போரிடியம். அதன் ஓடு அவ்வளவு கெட்டி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருக்கும் தண்ணீரில் அது அடங்க 5 நாளுக்கு மேல் ஆகும், அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காது. மாடு மேயும் சரிவுக்குக் கீழே பிடிக்கும் தண்ணீரில் இது வர நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாவது, கலங்கல். மழைக்குப் பிறகு செம்மண் நிறத்தில் ஓடும் தண்ணீரில் போட்டால், குளோரினை மண்ணும் இலைச்சாறும் தின்றுவிடும். முதலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். பல முறை துவைத்த பழைய பருத்தித் துணியைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டுங்கள், புதுத் துணியைவிட அதன் கண்கள் நெருக்கமாக இருக்கும். வங்கதேச கிராமங்களில் பழைய சேலைத் துணியை இப்படி மடித்து வடிகட்டிப் பார்த்ததில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் பாட்டிமார் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டதும் இதே வேலைக்குத்தான். அது கலங்கலை அடியில் உட்கார வைக்கும், ஆனால் கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம்.

மாத்திரை நாற்றம் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: அரை மணி நேரம் முடிந்த பிறகு பாட்டிலில் ஒரு நெல்லிக்காயை நசுக்கிப் போடுங்கள். அதில் இருக்கும் வைட்டமின் சி மிச்ச குளோரினை முறித்துவிடும். முன்கூட்டியே போட்டால் மாத்திரையின் வேலையும் கெட்டுவிடும், அதனால் அவசரம் வேண்டாம்.

இனி ஃபில்டர். நான் சொல்வது சாயர் ஸ்க்வீஸ், கேட்டடின் பீஃப்ரீ போன்ற கைக்கடக்கமான வகை. எடை 100 கிராமுக்குள். உள்ளே சேமியா போல மெல்லிய குழாய்கள் கொத்தாக வளைந்து நிற்கும், ஒவ்வொன்றின் சுவரிலும் 0.1 மைக்ரான் அளவுக்குத் துளைகள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜியார்டியா 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோ 4 முதல் 6, வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கு மேல். எதுவும் உள்ளே நுழையாது. மாத்திரைக்கு அடங்காத கிரிப்டோ இங்கே சுலபமாக மாட்டிக்கொள்கிறது. பையில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, ஃபில்டரைத் திருகி, பிழிந்தால் ஓரிரு நிமிடத்தில் ஒரு லிட்டர். காத்திருக்க வேண்டாம், நாற்றம் இல்லை. ஓடைக்குப் பக்கத்திலேயே வயிறு நிறையக் குடித்துவிட்டு, அடுத்த ஓடை வரைக்கும் ஒரு லிட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கலாம். முதுகில் குறையும் இந்த இரண்டு கிலோதான் என்னை ஃபில்டர் பக்கம் இழுத்தது.

ஆனால் இது சொல்லாமல் கெட்டுப்போகும் பொருள். கேஸ் தீர்ந்தால் தெரியும், மாத்திரை தீர்ந்தால் தெரியும். ஃபில்டருக்குள் குழாய் அறுந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது, தண்ணீர் எப்போதும்போல தெளிவாகத்தான் வரும்.

மலையில் செய்ய வேண்டியது பேக்வாஷ். சாயரோடு வரும் சிரிஞ்சில் சுத்தமான தண்ணீரை இழுத்து, தண்ணீர் வெளியே வரும் முனையில் வைத்து பலமாக எதிர்த்திசையில் அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் தண்ணீர் இருக்கிற வழியிலேயே போய்விடும், அடைத்த குழாய்கள் அப்படியே கிடக்கும். சரியாக அழுத்தினால் முதலில் டிகாக்ஷன் நிறத்தில் ஒரு கோடு பீறிட்டு வரும், நாலைந்து சிரிஞ்சுக்குப் பிறகு தெளியும். தினமும் சாயங்காலம் இதைச் செய்கிறவருக்கு ஃபில்டர் வருடக்கணக்கில் உழைக்கும். பீஃப்ரீக்கு சிரிஞ்சு கிடையாது, தண்ணீரில் அலசிக் குலுக்கினால் போதும். சுலபம்தான், ஆனால் ஆயுள் 1,000 லிட்டர் என்றுதான் அதன் நிறுவனமே சொல்கிறது.

பெரிய சேதம் மலையில் நடப்பதில்லை, வீட்டு அலமாரியில் நடக்கிறது. ஊருக்கு வந்ததும் எல்லாரும் ஃபில்டரைக் குழாயடியில் கழுவுகிறார்கள். சென்னையிலும் கோவையிலும் பல வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, கழுவி உலர்த்திய ஃபில்டரின் துளைகளுக்குள்ளும் காய்ந்து படியும். மூன்று நான்கு மாதம் கழித்து எடுத்துப் பிழிந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், ஃபில்டர் போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். கடைசிக் கழுவலை ஆர்.ஓ. தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, மறுபடி பேக்வாஷ் செய்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். நீண்ட நாள் எடுத்து வைக்கும் முன் வாசனை சேர்க்காத பிளீச் சில சொட்டு கலந்த தண்ணீரை ஒரு முறை உள்ளே செலுத்தி, உதறி, மூடி திறந்தபடி நிழலில் நன்றாகக் காய விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அடுத்த பயணத்துக்கு முந்தின இரவு தண்ணீரில் ஊற வையுங்கள், காய்ந்த குழாய்கள் நனைந்த பிறகுதான் தண்ணீரை விடும்.

அடுத்தது உறைபனி. ஒரு முறை நனைந்த ஃபில்டருக்குள் தண்ணீர் உறைந்தால் அது விரிந்து குழாய்களைக் கிழித்துவிடும். இது இமயமலைக்குப் போகிறவர்கள் கவலை என்று நினைக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உதகை, அவலாஞ்சி பக்கம் விடியற்காலையில் புல் வெள்ளையாகிவிடும். அந்த மாதங்களில் நீலகிரியில் தங்கினால் ஃபில்டரை உதறி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு வைத்துக்கொண்டு தூங்குங்கள். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தாலே அதை நம்பக் கூடாது. நன்றாக நனைந்த குழாய்ச் சுவருக்குள் வாயால் ஊதும் காற்று புகாது, புகுந்தால் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தச் சோதனை பெரிய கிழிசலைத்தான் காட்டும்.

இவ்வளவும் செய்வீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போய்விட்டு, வந்ததும் பையை அப்படியே பரணில் போடுகிறவர் என்றால் மாத்திரையே மேல். கவனிக்காத ஃபில்டரைவிட காலாவதியாகாத மாத்திரை எவ்வளவோ நம்பகமானது. செலவும் அதற்கே குறைவு.

நன்றாகப் பராமரித்த ஃபில்டருக்கும் ஓர் எல்லை உண்டு. வைரஸ்கள் 0.1 மைக்ரானைவிடச் சிறியவை. ரோட்டா வைரஸ் சுமார் 0.07, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ சுமார் 0.03 மைக்ரான். இவை மனிதக் கழிவிலிருந்து வருபவை. அதனால் ஓடைக்கு மேலே ஆள் இருக்கிறார்களா என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்கிறேன். சோலைக்காட்டுக்குள்ளிருந்து வரும், மேலே ஊரே இல்லாத ஓடைக்கு ஃபில்டர் மட்டும். வெள்ளியங்கிரி சீசனிலும் அமாவாசை, பௌர்ணமிக்கு சதுரகிரியிலும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அங்கே சுனைத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக, புனிதமாக இருந்தாலும் ஃபில்டரில் பிழிந்து, பிறகு மாத்திரையும் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிப்பேன். இரண்டும் சேர்ந்தால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்துவிடும். பிழிந்த தண்ணீர் தெளிவாக இருப்பதால் மாத்திரையும் முழுதாக வேலை செய்யும்.

எலிக்காய்ச்சல் கிருமி தனிக் கதை. நீளமாக இருந்தாலும் அதன் தடிமன் 0.1 மைக்ரான்தான், நெளிந்து நுழையக்கூடியது. மழைக்காலத்தில் கேரள எல்லைப் பக்கம் போனால் இதற்காகவும் மாத்திரையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அந்த நோய் அதிகமாக வருவது காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக என்பதால், தேங்கிய தண்ணீரில் இறங்கும் முன் காயத்தை மூடுங்கள்.

பூச்சிமருந்துக்கு மேலே சொன்ன மூன்றில் எதுவும் உதவாது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே வரும் ஓடையை நான் தொடுவதே இல்லை. போடிக்கு மேற்கே, வால்பாறையைச் சுற்றி நடக்கிறவர்கள் வரைபடத்தில் ஓடை தோட்டத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழே என்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் சுமந்துகொண்டு போங்கள்.

பேனா மாதிரி இருக்கும் யூ.வி. விளக்கை நான் நண்பர்களிடம் வாங்கிச் சில தடவை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். தெளிந்த தண்ணீரில் வைரஸ் உட்பட எல்லாவற்றையும் அடக்கும், ஒரு லிட்டருக்கு ஒன்றரை நிமிடம்தான். பேட்டரியும் கண்ணாடிக் குழலும் மழைக்காட்டில் வருடக்கணக்கில் எப்படித் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அதேபோல இமயமலைக் கடுங்குளிரில் ஃபில்டரைப் பல இரவுகள் காப்பாற்றியவர்களின் பேச்சை என் பேச்சைவிட நம்பலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சாயரின் திருகு 28 மி.மீ. சோடா பாட்டில் கழுத்துக்குப் பொருந்தும். நம் ஊர் மினரல் வாட்டர் பாட்டில்கள் பலவற்றின் கழுத்து வேறு அளவு, திருகினால் ஓரத்தில் கசிந்து வடிகட்டாத தண்ணீர் கலந்துவிடும். காலி கோலா பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய், திருகித் தலைகீழாகப் பிழிந்து, கசியவில்லை என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். அழுக்குத் தண்ணீர் பிடிக்கும் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்றைப் போட்டு வையுங்கள், இருட்டில் கை மாறாது.