அடிக்கடி மேக்னம் சுட ஒரு சின்ன ரிவால்வர்: ரூகர் எஸ்பி101-ஆ, மாடல் 60-ஆ?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவை எப்போதாவது ஒரு தடவை சுட்டுப் பார்ப்பவர் எந்த நல்ல கம்பெனி ரிவால்வரையும் வாங்கலாம். வாராவாரம் ரேஞ்சுக்குப் போய் மேக்னமே சுடுவேன், ஆனால் துப்பாக்கி இடுப்பில் அடங்கும் அளவில் இருக்க வேண்டும் என்பவருக்கு நான் கைகாட்டுவது ரூகர் எஸ்பி101. டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 60-ஐயும் இதையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். ஊருக்குத் திரும்பும் முன் உரிமம் உள்ள கடையில் விற்றுவிட்டு வரும் வரைக்கும் அதுதான் என் துப்பாக்கி.

இப்போது ஓசூர் சிப்காட்டில் டூல் ரூம் வேலைக்குத் திரும்பிவிட்டேன். கூட வேலை செய்பவர்களுக்கு இந்தப் பேச்சு என்றால் டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை. அக்கா மகன் வேறு டல்லாஸுக்குக் கிளம்புகிறான். "மாமா, எல்லாரும் ஸ்மித்துதான் பெஸ்டுங்கறாங்க, நீங்க மட்டும் ஏன் ரூகர்னு சொல்றீங்க?" என்று கேட்டான். மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் விடை சுலபமாகப் புரியும். தேய்மானம்தான் விடை.

போட்டியில் சேராதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 340பிடி மாதிரி ஸ்காண்டியம் கலந்த அலுமினிய ஃபிரேம் (துப்பாக்கியின் உடல்) வைத்தவை சுமார் 335 கிராம்தான். சட்டைப் பையில் போடலாம். மேக்னம் போட்டு நாலு ரவுண்டு சுட்டால் உள்ளங்கை எரியும். துப்பாக்கி இவ்வளவு லேசாக இருந்தால் உதறலில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கேஸிலிருந்து (தோட்டாவின் உலோகக் கூடு) முன்னால் நழுவி, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரையே சுற்றவிடாமல் செய்துவிடும். ரூகர் எல்சிஆர் 485 கிராம் அளவில் இருக்கிறது. நல்ல துப்பாக்கிதான், ஆனால் இடுப்பில் கிடக்கப் பிறந்தது, ரேஞ்சில் உழைக்க அல்ல. எதிர்ப்பக்கம் ரூகர் ஜிபி100-ம் ஸ்மித்தின் 686-ம் ஒரு கிலோவையும் தாண்டும். எத்தனை மேக்னம் வேண்டுமானாலும் தாங்கும், 'சின்ன' என்ற வார்த்தைக்குள் மட்டும் வராது. மிச்சம் இருப்பவை ஐந்து தோட்டா எஃகு ரிவால்வர்கள். எஸ்பி101, 2.25 அங்குலப் பேரலோடு சுமார் 740 கிராம். மாடல் 60 சுமார் 640 கிராம்.

இந்த நூறு கிராம் வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

.38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .357 மேக்னமுக்கு 35,000. இரட்டிப்புக்கும் மேல். குண்டின் விட்டம் ஒன்றுதான், கேஸ் மட்டும் சுமார் 3.4 மி.மீ. நீளம் கூடுதல். அதனால் .357 ரிவால்வரில் .38-ஐயும் சுடலாம். பழைய .38 துளையில் மேக்னம் நுழையக் கூடாது என்பதற்காகத்தான் 1930-களில் அந்த நீளத்தைக் கூட்டினார்கள்.

மாடல் 60-இன் வம்சம் .38-இல் தொடங்குகிறது. ஸ்மித்தின் சின்ன அளவு உடலான ஜே-ஃபிரேம் 1950-இல் வந்தபோது ஐந்து .38 தோட்டாவுக்காகச் செய்தது. 1965-இல் அதே அளவில் ஸ்டெயின்லெஸ் எஃகில் மாடல் 60 வந்தது. மேக்னமுக்கு ஃபிரேமைக் கொஞ்சம் நீட்டிப் பலப்படுத்தியது 1990-களின் நடுவில்தான். எஸ்பி101 1989 வாக்கில் வந்த புது டிசைன். தொடக்கத்திலிருந்தே எஃகைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். மாடல் 60 மேக்னம் தாங்காது என்று நான் சொல்லவில்லை. தாங்கும். எவ்வளவு நாளைக்கு, எவ்வளவு அடிக்கடி என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஃபிரேமைப் பாருங்கள். ஸ்மித்தில் வலது பக்கம் ஒரு தகடு உண்டு, ஸ்குரூ போட்டு மூடியிருக்கும். உள்ளே இருக்கும் சாமானை எல்லாம் அந்த வழியாகத்தான் வைக்கிறார்கள். ரூகரில் பக்கத் தகடே கிடையாது, இரண்டு பக்கச் சுவரும் முழு எஃகு. ட்ரிகர் தொகுதி முழுசாகக் கீழிருந்து உள்ளே ஏறுகிறது. ஒரு பக்கம் ஜன்னல் வைத்த பெட்டியும் நாலு பக்கமும் மூடிய பெட்டியும் ஒரே மாதிரி முறுக்குத் தாங்காது என்று டூல் ரூம்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்தது சிலிண்டர் பூட்டு. இரண்டிலும் பின்னால் ஒரு பூட்டு உண்டு. முன்னால் என்று வரும்போது ஸ்மித், காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடின் நுனியைப் பேரலுக்கு அடியில் பிடிக்கிறது. ரூகர், சிலிண்டரைத் தாங்கிப் பக்கவாட்டில் திறக்கும் கையான கிரேனையே நேராக ஃபிரேமில் பூட்டுகிறது. ராட் ஒல்லியானது, நீளமானது, கீழே விழுந்தால் வளையக்கூடியது. பூட்டைச் சுமக்கும் வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட்டதே பெரிய விஷயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் சமம். சிலிண்டரைச் சரியான இடத்தில் நிறுத்த வெளிப்புறத்தில் காடி வெட்டியிருப்பார்கள். ஆறு துளை இருந்தால், மேலே ஒரு துளை பேரலுக்கு நேராக நிற்கும்போது நேர் கீழேயும் ஒரு துளை வரும். காடி அந்தத் துளையின் மெல்லிய சுவர் மேலேயே விழப்பார்க்கும். நிறுத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தித்தான் தப்பிக்க வேண்டும். ஐந்து துளை என்றால் நேர் கீழே வருவது இரண்டு துளைகளுக்கு நடுவில் இருக்கும் தடித்த எஃகு. 360-ஐ ஐந்தால் வகுத்துத் தாளில் ஒரு வட்டம் போட்டாலே தெரிந்துவிடும். ஐந்து தோட்டா என்பதைக் குறையாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி என் முடிவை நிர்ணயித்த விஷயம்: சிலிண்டரின் முன்பின் ஆட்டம். ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் முன்னும் பின்னும் இடிபடுகிறது. அந்த இடியில் கிரேன் குழாயின் முனையும் அது உட்காரும் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். நசுங்க நசுங்க ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் இடி இன்னும் பலமாக விழும். ஒருமுறை ஆரம்பித்தால் வேகமெடுக்கும் தேய்மானம் இது. முற்றினால் தோட்டாவின் பின்னால் இருக்கும் ப்ரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) அடி சரியாக விழாமல் தோட்டா வெடிக்காமல் போகும், நெருப்பும் துகளும் பக்கவாட்டில் தெறிக்கும்.

அளப்பது எளிது. துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்த பிறகு சிலிண்டரை மூடுங்கள். அதைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பேரலுக்கும் சிலிண்டர் முகத்துக்கும் நடுவே தடிமன் குறித்த ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பாருங்கள். அடுத்து முன்னால் தள்ளிப் பிடித்து அதே போல. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே ஆட்டம். பொதுவாக இடைவெளி 0.10 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்கும். ஆட்டம் 0.05-க்குள் இருந்தால் நிம்மதி. 0.10-ஐ நெருங்கினால் மேக்னத்தை நிறுத்திவிட்டு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போடவோ கிரேன் குழாயைச் சரிசெய்யவோ ஆள் பார்க்க வேண்டும். புதிதில் என் எஸ்பி101-இல் 0.15 தகடு வழுக்கிக்கொண்டு போனது, 0.20 போகவே இல்லை. விற்கும் நாளில் அளந்தபோதும் அதே தகடு, அதே இறுக்கம். அந்த இறுக்கத்துக்காகத்தான் நூறு கிராம் கூடுதலாகச் சுமந்தேன்.

மாடல் 60-க்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்ல வேண்டும். ட்ரிகர் அதில்தான் சுகம். இழுப்பு வழவழவென்று வருகிறது. எஸ்பி101 பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கனமாக இழுக்கும். சுடச் சுடப் பழகும், ஆனால் ஸ்மித் ஆகாது. மெல்லிய ஸ்பிரிங் மாட்டலாம் என்பார்கள். ப்ரைமரில் அடி குறைந்து சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகக்கூடும் என்பதால் நான் அதில் கை வைக்கவில்லை. நாள் முழுக்க இடுப்பில் சுமந்து, பயிற்சிக்கு .38, தேவைக்கு மட்டும் மேக்னம் என்று வைத்துக்கொள்பவருக்கு மாடல் 60 சரியான துப்பாக்கி. மறுவிற்பனையில் இரண்டுக்கும் வாங்க ஆள் உண்டு.

"மாடல் 19 எடுக்கலாமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். 1955-இல் வந்த அழகான துப்பாக்கி, ஆறு தோட்டா, ஸ்மித்தின் நடுத்தர அளவு கே-ஃபிரேம். கிரேனுக்கு இடம் விடுவதற்காகப் பேரலின் பின்முனையில் அடிப்பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் குண்டு போட்ட வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டதில், சீவிய அந்த இடத்தில் விரிசல் விழுந்தது எல்லோரும் அறிந்த வரலாறு. அதற்குப் பதிலாகத்தான் 1980-களின் தொடக்கத்தில் பெரிய எல்-ஃபிரேமில் 586, 686 வந்தன. 2014-இல் அதன் ஸ்டெயின்லெஸ் வடிவமான மாடல் 66-ம் 2018-இல் மாடல் 19-ம் மாற்றிய பேரலோடு திரும்பி வந்தன. புதியவற்றை நான் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டதோடு சரி, சொந்தமாக வைத்து உழைத்துப் பார்க்கவில்லை. கோல்ட் கம்பெனியின் கிங் கோப்ரா ரிவால்வரும் அப்படியே. கைக்கு நன்றாக இருந்தது என்பதற்கு மேல் அவற்றின் ஆயுளைப் பற்றி என்னிடம் அனுபவம் இல்லை.

பராமரிப்பிலும் ரூகர் என் மனதுக்குப் பிடித்தது. கைப்பிடி ஸ்குரூவைக் கழற்றி, ஹேமரைப் பின்னால் இழுத்து, ஸ்பிரிங்குக்குள் ஓடும் ஸ்டிரட் கம்பியின் துளையில் ஒரு பேப்பர் கிளிப்பைச் செருகினால் மெயின் ஸ்பிரிங் அடங்கிவிடும். அப்புறம் ஹேமர் பின், ஹேமர், ட்ரிகர் தொகுதி, கடைசியில் சிலிண்டர் என்று வரிசையாகக் கையில் வந்து விழும். ஸ்மித்தின் பக்கத் தகட்டை மட்டும் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பவே கூடாது. ஸ்குரூவை எடுத்துவிட்டுக் கைப்பிடிப் பகுதியை மரப்பிடியால் மெல்லத் தட்டினால் அதிர்வில் தானாக எழும். நெம்பினால் விளிம்பு கெட்டு, பிறகு ஜென்மத்துக்கும் சரியாக உட்காராது.

எந்தத் துப்பாக்கியானாலும் இரண்டு இடத்தை விடாமல் துடைக்க வேண்டும். ஒன்று, .38 சுட்ட துளையில் கேஸ் முடிகிற இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் நீளமான மேக்னத்தைப் போட்டால் முழுசாக இறங்காது, வெடித்த பிறகு வெளியேயும் வராது. மற்றொன்று, கேஸ்களைப் பிடித்துத் தள்ளும் நட்சத்திர வடிவ எஜெக்டர் தகட்டுக்கு அடியில். எரியாத மருந்துத் துகள் ஒன்று அங்கே சிக்கினாலே சிலிண்டர் மூடாது, மூடினாலும் உரசிக்கொண்டு சுற்றும். துப்பாக்கியை வானம் பார்க்க நிமிர்த்திப் பிடித்து எஜெக்டரை ஒரே அடியில் அழுத்தினால் துகள் உள்ளே விழாமல் கேஸோடு கீழே போய்விடும். குட்டைப் பேரலில் ராடும் குட்டை என்பதால் மெதுவாக அழுத்தினால் மேக்னம் கேஸ் பாதியில் நிற்கும்.

அக்கா மகனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தால் அந்தத் தடை இல்லை. அதுவரை ரிவால்வர் கனவைத் தள்ளி வைக்கத்தான் வேண்டும். விசாவை விடப் பெரிய பொருள் எதுவும் இல்லை.

நம் ஊரில் கலெக்டர் அலுவலகத்தில் உரிமம் வாங்கி வைத்திருப்பவர்களிடம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் .32 ரிவால்வர்தான். அந்தத் தோட்டாவின் அழுத்த வரம்பு 15,000 பி.எஸ்.ஐ. கான்பூரில் செய்த நிர்பீக் வரைக்கும் அவை நடுவில் மடிந்து திறக்கும் வகை. பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் பிரபல் என்ற ரிவால்வர் 2023-இல்தான் வந்தது. மடியும் ஃபிரேம் அந்தத் தோட்டாவுக்குப் போதும். இங்கே எழுதிய மேக்னம் கணக்கை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பழையது வாங்குபவர்கள் எஸ்பி101-இல் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். தொடக்க கால .357-களின் சிலிண்டரும் ஃபிரேமும் நீளம் குறைவு. 125 கிரெய்ன் குண்டு மட்டும் என்று பேரலிலேயே பொறித்திருப்பார்கள். 158 கிரெய்ன் தோட்டாவின் நீளத்துக்கு அது ஒத்துவராது, அதைத் தவிர்த்துவிடலாம். பிறகு முன்பின் ஆட்டத்தை அளந்து பாருங்கள். சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹேமரை மெதுவாக இழுத்து, அது முழுசாக நிற்பதற்குள் சிலிண்டர் ஐந்து துளையிலும் பூட்டுகிறதா என்று பாருங்கள். ஃபிரேமின் மேல்பட்டையில், பேரல் இடைவெளிக்கு நேர் மேலே, நெருப்பு அரித்த மெல்லிய கோடு தெரியும். அது ஓரளவுக்கு மேல் ஆழமாகாது, அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். பூட்டு ஒரு துளையில் தாமதமானாலும் துப்பாக்கியைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.