ட்ரஸல் உணவு வங்கி: வவுச்சர் முதல் பை வரை

லண்டனிலோ லெஸ்டரிலோ சர்ச் ஹாலின் பக்கக் கதவில் 'ஃபுட் பேங்க்' என்று பலகை தொங்கினால், அது ட்ரஸல் என்ற தொண்டு நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். பிரிட்டன் முழுக்க 1,400-க்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. பல்கேரியாவில் வீடற்ற பிள்ளைகளுக்கு உதவிக்கொண்டிருந்த ட்ரஸலின் நிறுவனர்களான ஹெண்டர்சன் தம்பதிக்கு, 2000-இல் இங்கிலாந்தில் அவர்கள் இருந்த சாலிஸ்பரியிலிருந்தே ஒரு தாயின் தொலைபேசி வந்தது: பிள்ளைகள் இன்றிரவு பட்டினியாகப் படுக்கப் போகிறார்கள் என்று. தோட்டக் கொட்டகையில் டின்களை அடுக்கித் தொடங்கினார்கள். அடிப்படை, பசித்தவருக்கு உணவு கொடுப்பதைப் பேசும் பைபிளின் மத்தேயு 25. ஆனாலும் உணவு வாங்க வருபவரிடம் மதம் கேட்பதில்லை.

நேரே போய்க் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. வவுச்சர், அதாவது பரிந்துரைச் சீட்டு வேண்டும். ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவர், பள்ளிக்கூடம், சமூகப் பணியாளர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு போன்றவர்கள்தான் அதைக் கொடுப்பார்கள்; இப்போது பெரும்பாலும் எண்ணாகவே வருகிறது. பசித்தவனிடம் சீட்டு கேட்பதா என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சீட்டுதான் இந்தச் சேவையின் பலம். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். இடையில் வாடகை பாக்கி, முன்பணம் போட்டால்தான் ஓடும் கேஸ், கரண்ட் மீட்டரில் காசு இல்லை. வவுச்சர் எழுதுபவர் இதையெல்லாம் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரமும் அதே பைதான். சிக்கல் வருவது வெள்ளிக்கிழமை மாலையில். எழுதுகிற அலுவலகம் மூடியிருக்கும், பல மையங்கள் வாரத்தில் ஓரிரு நாள், அதுவும் இரண்டு மணி நேரம்தான் திறக்கும். வியாழனுக்குள் கேட்டுவிடுவது புத்தி.

வவுச்சரில் வீட்டில் எத்தனை பேர் என்று இருக்கும். அதற்கேற்பக் குறைந்தது மூன்று நாள் உணவு: சீரியல், சூப், பாஸ்தா, அரிசி, டின் தக்காளி, பீன்ஸ், டின் மீன் அல்லது இறைச்சி, டின் காய்கறி, பழம், தேயிலை, பிஸ்கட், வெளியே வைத்தாலும் சீக்கிரம் கெடாத யூ.எச்.டி. பால். சோற்றுக்குப் பழகிய வீட்டுக்கு இது உப்புச்சப்பில்லாத பைதான். வெங்காயம், மிளகாய் எதிர்பார்க்க வேண்டாம். சைவம், ஹலால், ஒவ்வாமை இருந்தால் தேநீர் கொடுத்து உட்கார வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பை கட்டிய பிறகல்ல. அடுப்பு இல்லை, கேஸுக்குக் காசு இல்லை என்றாலும் வெட்கப்படாமல் சொல்லலாம். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற சாமான்களாக மாற்றித் தருவார்கள். சொல்லாவிட்டால் காய்ந்த பருப்பு வரலாம், அது வேக அடுப்பு நெடுநேரம் எரிய வேண்டும்.

கொடுக்கப் போகும் நம்மவர்களுக்கு. பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிரித்துக் கட்டி லேபிள் ஒட்ட அவர்களுக்கு வசதி இல்லை. 500 கிராம், ஒரு கிலோ பாக்கெட்டே உதவும். வீட்டில் சுட்ட முறுக்கு, போட்ட ஊறுகாய் எவ்வளவு ருசியானாலும் வாங்க மாட்டார்கள், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற அச்சிட்ட பட்டியல் இல்லையே. பீன்ஸும் பாஸ்தாவும் பல கிடங்குகளில் மலைபோல் குவிந்திருக்கும். தட்டுப்பாடாக இருப்பது பால், ஜூஸ், டின் பழம், ஷாம்பு, சானிட்டரி பேட். அந்தந்த மையத்தின் இணையப் பக்கத்தில் இந்த வாரம் எது வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வந்த டின்னின் தலையில் தடித்த மார்க்கரால் '03/27' என்று மாதமும் ஆண்டும் எழுதி, தேதி வாரியாகக் கிரேட்டில் அடுக்குவார்கள். முதலில் தேதி முடிவது முதலில் வெளியே போகும். ஒரு மாதத்தில் முடியப்போகும் டின்னைக் கொடுத்தால் அடுக்குபவருக்கு வேலை, கடைசியில் குப்பைத்தொட்டிக்கு லாபம். உப்பிய டின், மடிப்பில் நசுங்கிய டின் அங்கேயே கழிபடும். மேல்மூடியில் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிப் போகிற எல்லார் வீட்டிலும் டின் கட்டர் இருக்காது.