மார்த்தாண்டம் பிசியோதெரபி: கை தவறட்டும் என்று விடுகிற இடம்

அப்பாவுக்கு வந்தது சிறுமூளைப் பக்கவாதம். பாதிப்பு சிறுமூளையின் வலப்பக்கத்தில், அதனால் தடுமாறியதும் வலக்கைதான். பெருமூளையில் வந்திருந்தால் எதிர்ப்பக்கக் கை போயிருக்கும். பலம் குறையவில்லை, பிடி இரும்புதான். ஆனால் சாயா கிளாஸை எடுக்கப் போனால் நெருங்க நெருங்க நடுக்கம் கூடும், சில நேரம் கிளாஸைத் தாண்டிப் போய்விடும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிய கை அது. உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவும்.

முதலில் போன இடத்தில் கரண்ட் வைத்து அனுப்பினார்கள். பலம் உள்ள கைக்குக் கரண்ட் எதற்கு?

இப்போது போவது மார்த்தாண்டத்தில். அங்குள்ள பெண் எதிரே உட்கார்ந்து, "உங்க மூக்கைத் தொட்டுட்டு என் விரலைத் தொடுங்கப்பா" என்று விரலை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். "ஒரு எடத்துல வையேன் மக்ளே" என்பார் அப்பா. கை தவறியதும் நான் பிடிக்கப் போனேன். "விடுங்கண்ணா, தப்பட்டும்" என்றார்.

அப்புறம் விளக்கினார். கையை நீட்டச் சொல்லிப் பெருமூளை இடும் கட்டளையின் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகுமாம். கை எங்கே போய் நிற்கும் என்று அது முன்கூட்டியே கணித்து, தசையும் மூட்டும் அனுப்புகிற சேதியோடு ஒத்துப் பார்க்கும். கண்ணால் பார்த்துத் திருத்த நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். வேகமாகப் போகிற கைக்கு அது ரொம்பத் தாமதம். கணிப்பு பிசகினால் அந்தப் பிசகைச் சொல்லவே மூளைத்தண்டிலிருந்து தனி நரம்பிழைகள் சிறுமூளைக்கு வருகின்றன. அடுத்த கணிப்பு திருந்துவது அதை வைத்துத்தான். நாமே கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தால் பிசகும் இல்லை, பாடமும் இல்லை.

மணிக்கட்டில் எடைப்பை கட்டியும் பழக்குகிறார்கள். கட்டியிருக்கும்வரை நடுக்கம் அடங்குகிறது, கழற்றினால் பழையபடி. அதற்கு நான் பெரிய மதிப்பெண் தர மாட்டேன்.

குறை என்றால் மாடிப்படி. தள்ளாடுகிற ஆட்கள் வருகிற இடம் முதல் மாடியில், லிப்டும் கிடையாது! பத்து மணி என்றால் பதினொன்றுக்குத்தான் கூப்பிடுவார்கள். மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிக்கதை.

இப்போது அரை கிளாஸ் சாயா சிந்தாமல் குடிக்கிறார். நடை இன்னும் காலை அகட்டித்தான். சனிக்கிழமை கூட்டம், வாரநாளில் போனால் நிதானமாகப் பார்ப்பார்கள். 5க்கு 4 போடலாம், அந்த ஒன்று படிக்கட்டுக்குக் கழித்தது.