இசிஎன்எல் பெஞ்சா, இரண்டாம் அணியில் முழு ஆட்டமா?

அமெரிக்கப் பெண் பிள்ளைகளின் கிளப் சாக்கரில் (கால்பந்தில்) மேல்தட்டு என்றால் முதலில் வருவது இரண்டு லீக்: 2009-இல் தொடங்கிய இசிஎன்எல் (எலைட் கிளப்ஸ் நேஷனல் லீக்); 2020-இல் அமெரிக்கக் கால்பந்து சம்மேளனத்தின் டெவலப்மென்ட் அகாடமி லீக் மூடப்பட்ட கையோடு உருவான கேர்ள்ஸ் அகாடமி. இரண்டாம் அணியில் பளிச்சென்று ஆடும் பெண்ணுக்கு டிரைஅவுட் (அணித் தேர்வு) முடிந்ததும் பெரும்பாலும் மூன்று வழி இருக்கும். அதே கிளப்பின் முதல் அணியான இசிஎன்எல் அணியில் கடைசி இடம். அதற்கு அடுத்த படியான ரீஜனல் லீக் ஆடும் இரண்டாம் அணியிலேயே தொடர்வது. வேறு கிளப்பின் கேர்ள்ஸ் அகாடமி அணிக்குப் போவது.

முதலில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். சீசனுக்கு 20 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் அணியில் ஆட்டத்துக்கு 15 நிமிடம் கிடைத்தால் மொத்தம் 300. இரண்டாம் அணியில் 60 கிடைத்தால் 1,200. ஆனால் பயிற்சி நேரம் இதைவிடப் பெரியது: வாரம் மூன்று முறை, தலா 90 நிமிடம் என்றால் ஐந்து வாரத்திலேயே 1,350 நிமிடம் ஆகிவிடும். முதல் அணியின் உண்மையான லாபம் அங்கேதான். பந்து வேகமாக வரும், வாங்கித் திரும்புவதற்குள் ஒருத்தி மேலே வந்து நிற்பாள்.

பெஞ்சில் கெட்டுப்போவது துணிச்சல். பத்து நிமிடத்துக்கு இறங்கும் பெண், பந்தை இழந்தால் வெளியே கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்து பின்னாலேயே பாஸ் கொடுப்பாள். எதிராளியை டிரிபிள் செய்து தாண்டிப் பார்க்க மாட்டாள். கோச் கண்ணிலும் அவளிடம் புதிதாக எதுவும் படாது. அடுத்த வாரமும் அதே பத்து நிமிடம்தான். நடுக்களத்தில் ஆடியவளை ஆள் பற்றாத விங் பேக் (ஓரத் தடுப்பாட்டம்) இடத்தில் நிறுத்துவதும் சகஜம்.

அதனால் 13, 14 வயதில் எங்கள் தேர்வு இரண்டாம் அணி. ஒரே நிபந்தனை: வாரம் ஒரு நாளாவது முதல் அணியோடு பயிற்சி. அதைக் கூடுதல் நாளாகச் சேர்க்காமல், இரண்டாம் அணியின் ஒரு நாளுக்குப் பதிலாகக் கேளுங்கள். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து இந்த வயதுப் பெண்களுக்குப் பையன்களைவிட அதிகம். ஃபிஃபா 11+ வார்ம்-அப் (15 பயிற்சி, சுமார் 20 நிமிடம்) வாரம் இரண்டு முறையாவது நடக்கிறதா என்று மைதானத்துக்கே போய்ப் பாருங்கள். நேரமில்லை என்று பல அணிகள் அதைத்தான் முதலில் வெட்டும்.

16 வயதில் கணக்கு மாறும். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் டிவிஷன் ஒன்று (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) கோச்கள் நேரடியாகத் தொடர்பு கொள்ளலாம். அதற்கு முந்தைய ஷோகேஸ்களில் (கல்லூரி கோச்கள் பார்க்க வரும் போட்டித் தொடர்களில்) அவர்கள் கண்ணில் பட வேண்டும். வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரும் புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 28 பேர்தான் என்பதால் போட்டி இன்னும் இறுகியிருக்கிறது. இந்த நிலையில் கேர்ள்ஸ் அகாடமியில் முதல் பதினொன்றில் இடம் உறுதி என்றால், இசிஎன்எல் பெஞ்சைவிட அதுவே மேல். கல்லூரி கோச்கள் இரண்டு லீக் ஷோகேஸுக்கும் வருகிறார்கள். பெஞ்சில் இருப்பவளை மதிப்பிட அவர்களுக்கு வழியில்லை. மைதானம் ஒரு மணி நேரத் தொலைவு என்றால் மட்டும் தயங்குங்கள். வாரம் மூன்று நாள் பயணத்தில் தூக்கமும் படிப்பும் அடிபடும்.

ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பிறந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். 2026-27 சீசனிலிருந்து வயதுப் பிரிவு ஜனவரி 1-க்குப் பதில் ஆகஸ்ட் 1-இல் தொடங்குகிறது. இதுவரை தன் அணியில் இளையவளாக இருந்தவள் இனி மூத்தவளாகிவிடுவாள். அவளுக்குப் புதிய பிரிவிலேயே முதல் அணி வாய்ப்பு வரலாம்; இப்போதே அவசரப்பட்டு கிளப் மாற வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் கோச்சிடம் கேளுங்கள்: இவளுடைய பொசிஷனில் இப்போது எத்தனை பேர்? இரண்டு அணிக்கும் மாறி ஆட லீக் விதி எவ்வளவு இடம் தருகிறது? விமானச் செலவும் ஓட்டல் செலவும் கிளப் கட்டணத்துக்குள் அடங்குமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழு வருடக் கட்டணத்துக்கும் கட்டிப்போடும். இடையில் விலகினாலும், காயம்பட்டு உட்கார்ந்தாலும் பணம் திரும்புமா என்ற பத்தியைத் தனியாகப் படித்துவிடுங்கள்.