பிளேஸ்டேஷனா, பிசியா? எந்தக் கேமின் அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கிறீர்கள்?

பிளேஸ்டேஷன் 5 வாங்குவதா, அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு கேமிங் பிசி பொருத்துவதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கிராபிக்ஸைப் பற்றித்தான் கதைப்பார்கள். 4கே வருமா, எத்தனை எப்பிஎஸ், ரே ட்ரேசிங் இருக்கா என்று போகும். திருகோணமலையில் இருந்து விளையாடும் ஒருவருக்கு அதெல்லாம் நாலாவது, ஐந்தாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்குப் பிடித்த கேமின் அடுத்த பாகம் எதில் முதலில் வருகிறது, அதன் பழைய பாகங்கள் எதில் இன்னும் ஓடுகின்றன என்பதைத்தான். நான் பிசி பக்கம் நிற்பவன். பிளேஸ்டேஷன் மாதிரி டிவியில் இணைத்து விளையாடும் பெட்டிகளான கொன்சோல் பக்கத்துக்கும் நல்ல நியாயம் இருக்கிறது, குறைக்காமல் சொல்கிறேன்.

ரொக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ (கிராண்ட் தெப்ட் ஓட்டோ) தொடரை எடுத்துக்கொள்வோம். வைஸ் சிட்டி 2002 ஒக்டோபரில் பிளேஸ்டேஷன் 2இல் வந்தது, பிசிக்கு 2003 மே. சான் அண்ட்ரியாஸ் 2004 ஒக்டோபர், பிசிக்கு 2005 ஜூன். நாலாம் பாகம் 2008 ஏப்ரலில் கொன்சோலில் வந்து அதே வருடம் டிசம்பரில் பிசிக்கு வந்தது. ஐந்தாம் பாகத்துக்குக் காத்திருப்பு நீண்டுவிட்டது: 2013 செப்டெம்பரில் வந்த கேம் 2015 ஏப்ரலில்தான் பிசியைத் தொட்டது. அதே நிறுவனத்தின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒரு வருடம் தாண்டி, 2019 நவம்பரில் வந்தது. அதன் முதல் பாகத்தின் கதை இன்னும் மோசம். 2010இல் வெளியான அந்தக் கேமை பிசியில் விளையாட 2024 ஒக்டோபர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. புதிய பாகம் வெளியாகும் அன்றே விளையாட வேண்டும், கதையை யாரும் முந்திச் சொல்லிவிடக் கூடாது என்பவருக்கு, இந்தத் தொடர்களைப் பொறுத்தவரை கொன்சோல்தான் சரி. இதில் வாதாட ஒன்றும் இல்லை.

ஆனால் புதிய பாகம் வந்தபிறகு பழையதற்கு என்ன ஆகிறது? அங்கேதான் பிசி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிளேஸ்டேஷன் 3இன் டிஸ்க்கைப் பிளேஸ்டேஷன் 4இல் போட்டால் ஓடாது. 3இன் உள்ளே இருக்கும் செல் புரொசசரின் அமைப்பே வேறு. பிளேஸ்டேஷன் 5 கிட்டத்தட்ட எல்லா 4ஆம் தலைமுறைக் கேம்களையும் ஓட்டுகிறது, அதற்குக் கீழே உள்ள டிஸ்க்குகளைத் தொடாது. அதாவது ஒரு தொடரை முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை ஒழுங்காக விளையாட விரும்பினால், டிவிக்குக் கீழே இரண்டு மூன்று பெட்டிகளை அடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் பழுதாகாமல் இருக்கவும் வேண்டும். பிசியில் 2005இல் வாங்கிய சான் அண்ட்ரியாஸ் டிவிடி இருந்தால், டிவிடி ட்ரைவ் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் பெரும்பாலும் போதும். ரசிகர்கள் செய்த சின்னத் திருத்தக் கோப்புகளைப் போட்டால் இன்றைய அகலத் திரையிலேயே ஓடும்.

டிவிடி என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒன்லைனில் வாங்கியதை முழுதாக நம்ப முடியாது. 2021இல் ஜிடிஏயின் மூன்று பழைய பாகங்களுக்கும் புதுப்பூச்சுப் பூசி ஒரே தொகுப்பாக விற்க வந்தபோது, பழைய அசல்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய தொகுப்போ பிழைகளோடு வந்தது. விளையாடுபவர்கள் கொதித்தெழுந்த பிறகே பிசிக்கு அசல்களைத் திரும்பக் கொடுத்தார்கள். பாட்டுகளின் உரிமம் முடிந்ததால் சான் அண்ட்ரியாஸின் வானொலியிலிருந்தும் நாலாம் பாகத்தின் வானொலியிலிருந்தும் சில பாட்டுகளை நீக்கினார்கள். ஸ்டீம் என்ற ஒன்லைன் பிசிக் கேம் கடையில் வாங்கும்போதும், நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று 2024 ஒக்டோபரிலிருந்து காசு கட்டும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் குறை இரண்டு பக்கத்துக்கும் பொது. பிசியில் மட்டும் ஒரு மாற்றுவழி உண்டு: ஜிஓஜி போன்ற கடைகளில் பூட்டு இல்லாத கோப்பாகவே கேமைத் தருகிறார்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு வைத்தால் கடை மூடினாலும் கேம் நம்மிடம் இருக்கும்.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். எனக்கு இந்த அலசலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07, 2006 நவம்பரில் பிசிக்கும் பிளேஸ்டேஷன் 2க்கும் வந்தது. அதற்கு அடுத்த பாகம் வரவே இல்லை. அந்த நிறுவனம் கிரிக்கெட்டையே விட்டுவிட்டது. உரிமம் இல்லாததால் இலங்கை அணி வீரர்களின் பெயர்கள்கூட அதில் திரிந்த பெயர்களாகத்தான் இருந்தன. ஆனாலும் பிசியில் அது சாகவில்லை. ரசிகர்கள் பெயர்ப்பட்டியலைத் திறந்து திருத்தினார்கள். புதிய ஜெர்சி, புதிய மைதானம், புதிய மட்டை, தொலைக்காட்சியில் வருவது மாதிரியான ஸ்கோர் அட்டை என்று ஒவ்வொரு பருவத்துக்கும் பேட்ச் (திருத்தக் கோப்பு) செய்து வெளியிட்டார்கள். நிறுவனம் செய்யாமல் விட்ட 08, 09, 10 பாகங்களை ஊதியம் வாங்காத ஆட்களே செய்தார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். நிலாவெளிக் கடற்கரையில் பின்னேரம் மென்பந்து விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்து, கிராபிக்ஸ் கார்டே இல்லாத பழைய கணினியில் அன்றைய அணியோடு விளையாட முடிந்தது இந்தப் பேட்ச்சுகளால்தான். கோப்புகளைத் திறந்து கை வைக்க பிசி விட்டதால் அது சுலபமாக நடந்தது.

காசு கொடுத்து வாங்கிய அடுத்த பாகங்களின் கதையையும் பாருங்கள். 2013 நவம்பரில் ஆஷஸ் கிரிக்கெட் 2013 ஸ்டீமில் வெளியானது. பந்து ஒரு பக்கம், பந்து பிடிப்பவர் ஒரு பக்கம் என்று இருந்த அந்தக் கேமைச் சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து எடுத்து, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு பிக் ஆண்ட் நிறுவனம் கிரிக்கெட் 19, 22, 24 என்று பிசிக்கும் கொன்சோலுக்கும் கொடுத்தது. துடுப்பாட்டம் நன்றாக வந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் பழைய 07இல் பந்து மட்டையில் படும் அந்த நேரக்கணக்கு இன்னும் எனக்கு உயர்வாகவே தெரிகிறது.

உதைபந்தாட்டத்தில் நிலைமை தலைகீழ். அங்கே கொன்சோல் வெல்கிறது, அதுவும் நம் ஊரில் நன்றாகவே வெல்கிறது. கிண்ணியா, மூதூர் பக்கம் உதைபந்து என்றால் உயிர். ஒரு வீட்டில் ஒரு டிவி, இரண்டு கொன்ட்ரோலர், தோற்றவர் எழும்பி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். இந்த விளையாட்டு மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து விளையாடுவதற்கில்லை. ஈஏயின் பிஃபா 23 அந்தப் பெயரில் வந்த கடைசிக் கேம். 2023 செப்டெம்பரிலிருந்து அதுவே எப்சி 24, 25 என்று தொடர்கிறது. வருடாவருடம் புதிய பாகம் வாங்குவது வீண் செலவு என்று அழுத்திச் சொல்வேன். அணி விபரம் மாறும், மெனுவின் நிறம் மாறும், ஓட்டத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு ஒன்று போதும். புதியது வந்த கையோடு பழைய டிஸ்க்கின் விலை விழுந்துவிடும், அந்த நேரம் பார்த்து வாங்க வேண்டும்.

டிஸ்க் என்பதுதான் கொன்சோலின் உண்மையான பலம். "அண்ணா, உங்கட கோட் ஒஃப் வோரைத் தாங்க, என்ட ஸ்பைடர்மேனைத் தாறன்" என்று கைமாறும் டிஸ்க் ஒன்று நாலு வீடு சுற்றும். முடித்த கேமை விற்று அடுத்த பாகம் வாங்கலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க வழியே இல்லை. 70 டொலர் கேம் ஒன்று, டொலர் 300 ரூபா என்று வைத்தாலும், 21,000 ரூபா. பாதியாவது திரும்பக் கிடைக்கும் என்பது சின்ன விடயமில்லை. ஆகவே டிஸ்க் ட்ரைவ் இல்லாத டிஜிட்டல் கொன்சோலை இங்கே வாங்காதீர்கள். கொன்சோலின் பலத்தையே கழற்றிவிட்டு வாங்குவதாகிவிடும்.

டிஸ்க் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 கேம்களில் எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும், ஆனால் ஒன்லைனில் வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் ஒன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். சோனியின் ஒன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லாததால், இங்கே எல்லோரும் வேறு நாட்டுக் கணக்கில்தான் இருக்கிறார்கள். டுபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டிஸ்க், அமெரிக்கக் கணக்கு என்று இருந்தால் கூடுதல் பகுதி திறக்காது. காசும் அந்தந்த நாட்டுக் கிப்ட் கார்ட் வாங்கித்தான் போட வேண்டும்.

அந்தப் பட்டியல் பிசிக்காரரையும் விடவில்லை. ஹெல்டைவர்ஸ் 2, 2024 பெப்ரவரியில் பிசிக்கும் பிளேஸ்டேஷன் 5க்கும் ஒன்றாக வந்த அருமையான இரண்டாம் பாகம். மே மாதம், ஸ்டீமில் வாங்கியவர்களுக்கும் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி சொன்னது. அந்தச் சேவை இல்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்டீமில் விற்பனை நின்றது. எதிர்ப்பைப் பார்த்துச் சில நாட்களில் கட்டாயத்தைக் கைவிட்டார்கள், ஆனால் விற்பனை உடனே திரும்பவில்லை. அதே வருடம் செப்டெம்பரில் கோட் ஒஃப் வோர் ராக்னரொக் பிசிக்கு வந்தபோதும் அதே கட்டாயம். முந்தைய பாகத்தை ஸ்டீமில் காசு கட்டி வாங்கி முடித்தவர்கள், அடுத்த பாகத்துக்குக் காசோடு நின்றும் வாங்க முடியாமல் போனது. 2025இல் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. காசு கட்டி வாங்க வருபவனைத் திருப்பி அனுப்பினால் அவன் களவு வழிக்குத்தான் போவான்.

இதை விட்டால், ஸ்டீம் நமக்கு நல்லதே செய்கிறது. இலங்கைக் கணக்கையே திறக்கலாம், இணையப் பாவனைக்குத் திறந்த வங்கிக் கார்டால் கட்டலாம், தெற்காசியாவுக்கென்று குறைந்த டொலர் விலை வைக்கும் வெளியீட்டாளர்களும் உண்டு.

டவுன்லோட் அளவு பற்றிச் சுருக்கமாக. ரெட் டெட் 2 பிசியில் 150 ஜிபி, ராக்னரொக் 190 ஜிபி இடம் கேட்கிறது. டேட்டா வரம்புள்ள பெக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகான இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். கொன்சோல் டிஸ்க்கில் பெரும்பகுதி இருப்பதால் அந்தப் பாரம் குறைவு, பேட்ச் மட்டும் இறங்கும்.

கரண்ட், வெக்கை, உப்புக்காற்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தை யாரும் மறக்கவில்லை. இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை இடியோடு சட்டென்று போய்விடும். பிளேஸ்டேஷன் 4 திடீரென்று அணைந்தால், திரும்பப் போடும்போது சரியாக அணைக்கவில்லை என்று சொல்லிச் சேமிப்பகத்தைச் சரிபார்க்கத் தொடங்கும். எது வாங்கினாலும் யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அது விளையாட அல்ல, சேமித்து அணைக்க. பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது 200 வொட் அளவில் இழுக்கும், நடுத்தரக் கேமிங் பிசி அதைவிடக் கூட. யூனிட் கூடக் கூட மேல்படிக்குப் போகும் நம் மின்கட்டணத்தில் இது பில்லில் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்விசிறிகள் கத்துவதும் இரண்டிலும் உண்டு.

உவர்மலை மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்பு எல்லா இணைப்பு முனைகளையும் அரிக்கும். பிசி என்றால் மூடியைக் கழற்றி நாமே தூசி தட்டலாம், ரேமைக் கழற்றி முனையைத் துடைத்துத் திரும்பக் குத்தலாம். ஓர் உதிரிப்பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம், கொழும்பு பம்பலப்பிட்டி கடைகளிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வந்துவிடும். கொன்சோலில் டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ முனை போனாலே ஈயம் வைக்கத் தெரிந்த, கை நடுங்காத ஆள் வேண்டும். ஊரில் நல்ல பழுதுபார்ப்பவர் ஒருவரை முதலில் தெரிந்து வைத்துக்கொண்டு பிறகு கொன்சோல் வாங்குங்கள்.

மைக்ரோசொப்ட்டின் கொன்சோலான எக்ஸ்பொக்ஸ் பற்றி ஒரு சொல். பழைய தலைமுறை டிஸ்க்குகள் பலவற்றை ஓட்டுவதில் சீரீஸ் எக்ஸ்தான் கொன்சோல்களில் சிறந்தது, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் டிஸ்க் மாற்ற ஊரில் ஆள் வேண்டுமே. இங்கே எல்லோரிடமும் பிளேஸ்டேஷன்தான்.

விலையில் இப்போதைக்கு பிசிக்கு நேரம் சரியில்லை. 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொள்வதால் ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரு டிவி, பட்ஜெட்டும் இறுக்கம் என்றால், பாவித்த பிளேஸ்டேஷன் 4 இன்னும் நல்ல தெரிவு. படிப்புக்கும் வேலைக்கும் எப்படியும் கணினி வேண்டும் என்றால், கொன்சோலுக்கு ஒதுக்கிய காசை அந்தக் கணினியின் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

ஜிடிஏ 6க்காகவே பிசியை விற்று பிளேஸ்டேஷன் 5 வாங்கலாமா என்று கேட்கும் தம்பிமார் நிறையப் பேர். இரண்டு தடவை தள்ளிப்போய் 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள், அதுவும் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரீஸுக்கும் மட்டும். பிசியை விற்காதீர்கள். முதல் நாளே விளையாட வேண்டும் என்றால், ஊருக்குள் பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் நண்பனோடு சேர்ந்து கேமுக்கான காசைப் பங்கு போடுங்கள். கேம் டிஸ்க்காகக் கிடைத்தால் டிஸ்க்கையே வாங்குங்கள்.