லைடனா, இஸ்தான்புலா: அரபுக் கல்வி வரலாற்றுக்கு எந்தக் கலைக்களஞ்சியம்?

மதரஸாக்கள் எப்படி நடந்தன, ஆசிரியருக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகம் எப்போது இன்றைய வடிவத்துக்கு வந்தது என்றெல்லாம் தேட ஆரம்பித்தால் கடைசியில் மூன்று நூல்வரிசைகளில் வந்து நிற்போம். ஒன்று, லைடன் நகரத்துப் பிரில் பதிப்பகத்தின் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம், இரண்டாம் பதிப்பு. அடுத்தது, 2007 முதல் பகுதி பகுதியாக வந்துகொண்டிருக்கும் அதன் மூன்றாம் பதிப்பு. இன்னொன்று, துருக்கியின் தியானத் என்ற சமய அறக்கட்டளை 1988 முதல் 2013 வரை 44 தொகுதிகளாக வெளியிட்ட ‘இஸ்லாம் அன்சிக்ளோபெதிசி’. கையில் பல்கலைக்கழக நூலகச் சந்தா இல்லாதவர் கடைசியில் சொன்னதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். துருக்கி மொழி தெரியாதவருக்கும் இதையேதான் சொல்வேன்.

துருக்கிக் களஞ்சியம் முழுவதும் இணையத்தில் இலவசம். லைடன் பதிப்புகளுக்குச் சந்தா வேண்டும். அச்சுத் தொகுதிகளைத் தனி ஆள் வாங்குவது கட்டுப்படியாகாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பணத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் என் முடிவு மாறாது. காரணம், கட்டுரையின் வயது.

லைடன் இரண்டாம் பதிப்பு அரை நூற்றாண்டு எடுத்து, அகரவரிசையில் வந்தது. முதல் தொகுதி 1960. ‘மதரஸா’ கட்டுரை இருக்கும் ஐந்தாம் தொகுதி 1986. ‘வக்ஃபு’ இருக்கும் பதினொன்றாம் தொகுதி 2002. ஒரே அட்டைக்குள் இருப்பதால் எல்லாம் ஒரே காலத்தில் எழுதியவை என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அல்-அஸ்ஹர் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதல் தொகுதியில் இருக்கிறது. எகிப்தில் 1961-இல் வந்த 103-ஆம் எண் சட்டம்தான் மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற துறைகளைச் சேர்த்து அஸ்ஹரை அரசுப் பல்கலைக்கழகமாக்கியது. 1960-இல் அச்சான பக்கத்தில் அது எப்படி இருக்கும்? அல்ஜீரியா கட்டுரையும் அதே தொகுதிதான்; 1962-இல் கிடைத்த விடுதலைக்கு முந்தையது. பிற்பாடு வந்த துணைத் தொகுதி இப்படிப்பட்ட எல்லா இடைவெளிகளையும் அடைத்துவிடவில்லை. துருக்கிக் களஞ்சியத்தில் ‘எஸ்ஹெர்’ என்ற தலைப்பில் தேடினால் 1995-இல் வந்த பன்னிரண்டாம் தொகுதிக் கட்டுரை கிடைக்கும். ‘மெத்ரெஸெ’ 2003, ‘வகிஃப்’ 2012. முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் இடையே வெறும் 25 ஆண்டுகள்.

மூன்றாம் பதிப்பு இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வருகிறது. தலைப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தேடுவதும் சுலபம். ஆனால் முடிந்த நூல் இல்லை. தேடும் கட்டுரை வந்திருந்தால் அதை முதலில் படியுங்கள். வராததற்குக் காத்திருக்க வேண்டாம்.

அதற்காக இரண்டாம் பதிப்பைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதன் ‘மதரஸா’ கட்டுரை முப்பது பக்கத்தை ஒட்டி நீள்கிறது. கட்டடக் கலைக்குத் தனிப் பிரிவே உண்டு. முற்றத்தைச் சுற்றி அறைகள் ஏன், எப்படி அமைந்தன என்று தெரிய வேண்டுமானால் அதைத்தான் பார்க்க வேண்டும். பொதுவாக, இடைக்கால விஷயமென்றால் பழைய கட்டுரையும் தாங்கும். இருபதாம் நூற்றாண்டு என்றால் தொகுதியின் ஆண்டைப் பார்க்காமல் ஒரு வரிகூட எடுக்காதீர்கள்.

துருக்கிக் களஞ்சியத்தின் இன்னொரு பலம் உஸ்மானிய (ஓட்டோமான்) காலம். டமாஸ்கஸ், பெய்ரூட், பாக்தாத் பள்ளிகளெல்லாம் 1869-ஆம் ஆண்டுப் பொதுக் கல்வி விதிமுறையின் கீழ் வந்தவை. அந்த ஆவணங்கள் உஸ்மானியத் துருக்கி என்ற, அரபு எழுத்தில் எழுதிய பழைய துருக்கி மொழியில் இருக்கின்றன. அவற்றை நேரடியாகப் படிப்பவர்கள் எழுதிய கட்டுரைகள் இவை. பலவீனமும் இங்கிருந்தே வருகிறது: பார்வை இஸ்தான்புலிலிருந்து பார்ப்பது. 1866-இல் பெய்ரூட்டில் தொடங்கி இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகமாக இருக்கும் மிஷனரிக் கல்லூரி போன்றவற்றுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. மொராக்கோ உஸ்மானியர் ஆட்சிக்குள் வந்ததே இல்லை. ஆகவே அங்கே ஃபெஸ் நகரத்தில் இருக்கும் பழைய கல்வி நிலையமான கரவிய்யீன் பற்றித் தேடுபவருக்கு என் சிபாரிசை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். அதற்குத் துருக்கிக் களஞ்சியத்தையும் லைடனையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் சரி.

மொழிச் சிக்கலுக்கு வருவோம். இயந்திர மொழிபெயர்ப்பு கட்டுரையின் போக்கை நன்றாகவே தருகிறது, சறுக்குவது ஆட்களிடம். துருக்கியில் ‘ஓ’ என்ற ஒரே சொல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது மக்காவில் புகாரியின் ஹதீஸ் தொகுப்பைக் கற்பித்த கரீமா அல்-மர்வஸிய்யா போன்ற அறிஞர் பாதிக் கட்டுரையில் ஆணாகிவிடக்கூடும். பெண் கல்வி பற்றி எழுதுபவர் மூலப் பக்கத்தில் பெயரோடு ‘பின்த்’ (மகள்) இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெயர்களைத் தேடும்போது எழுத்து முறையும் குறுக்கிடும். பழைய அரபு எழுத்தாளர் ஜாஹிஸின் பெயரில் முதல் ஒலிக்குத் துருக்கியில் ‘சி’ (C) எழுத்து, லைடன் இரண்டாம் பதிப்பில் ‘டி’யும் ‘ஜே’யும் சேர்ந்து வரும், மூன்றாம் பதிப்பில் வெறும் ‘ஜே’. தேடியது கிடைக்கவில்லையென்றால் கட்டுரையே இல்லை என்று முடிவு கட்டாமல் இந்த மூன்று வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். ஆளைப் பற்றிய குறிப்பு மட்டும் போதுமென்றால் ஸிரிக்லியின் ‘அல்-அஃலாம்’ என்ற வாழ்க்கைக் குறிப்பு அகராதி அரபியில் கிடைக்கிறது. அதில் வரிசை சொந்தப் பெயர்ப்படி: இப்னு கல்தூனை ‘அப்துர் ரஹ்மான்’ என்ற இடத்தில்தான் தேட வேண்டும்.

ஆண்டுகளில் ஒரு எச்சரிக்கை. பாக்தாத்தின் நிஸாமிய்யா மதரஸா திறந்தது 459/1067 என்று இருக்கும். முதல் எண் ஹிஜ்ரி. ஹிஜ்ரி 459 என்பது 1066 கடைசியில் தொடங்கி 1067 கடைசியில் முடிகிறது. மாதம் தெரியாதவரை இரண்டு நூல்கள் ஓர் ஆண்டு வித்தியாசம் காட்டினால் அது முரண்பாடு ஆகாது. ஹிஜ்ரி ஆண்டு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்றைய சமூகம், எழுத்தறிவு, பெண்கள் வேலைவாய்ப்பு என்று போனால் மூன்றுமே உதவாது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அரபு மனித வளர்ச்சி அறிக்கைகள் 2002-இல் தொடங்கின. 2003 அறிக்கை அறிவுச் சமூகம் பற்றியது, 2005 அறிக்கை பெண்கள் பற்றியது. எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அவற்றின் எண்கள் அந்தந்த ஆண்டுக்கானவை. புதிய எண் தேவையென்றால் யுனெஸ்கோ புள்ளிவிவர நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும்.

மேற்கோள் காட்டும்போது களஞ்சியத்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள். கட்டுரையாளர் பெயர், தொகுதி, அந்தத் தொகுதி வெளியான ஆண்டு மூன்றையும் சேருங்கள். 1960-இல் எழுதியதா 1995-இல் எழுதியதா என்று படிப்பவருக்குத் தெரிந்தால்தான் அஸ்ஹர் பற்றி நீங்கள் எடுத்துச் சொல்லும் வரியை அவரால் எடைபோட முடியும்.