டாப் துணி நல்லா இருக்கு, பின் ஜன்னல் மட்டும் போச்சா? ஜிப் ஜன்னல் ரிவ்யூ

மாஸ்டாவோட முதல் ஜெனரேஷன் எம்எக்ஸ்-5, அதான் மியாட்டா, மடக்கி இறக்குற துணிக் கூரை (அதான் டாப்) இருக்கிற கார், 1989ல இருந்து 1997 வரைக்கும் வந்த வண்டி வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இது. இதுல பின் கண்ணாடின்னு பேருதான், கண்ணாடியே கிடையாது, தெளிவான வினைல் ஷீட்டை ஜிப் வச்சு டாப்போட சேர்த்திருப்பாங்க. வெயில்ல கிடந்து கிடந்து என்னோடது மஞ்சளாகி, ராத்திரில பின்னாடி வர்ற வண்டி லைட்டெல்லாம் ஒரு வெள்ளைத் திட்டாத்தான் தெரிஞ்சுது. பாலிஷ் போட்டா மேலாப்ல இருக்கிற கீறல் போகுமே ஒழிய மஞ்சள் போகாதுங்க, அதுல காசை விடாதீங்க. டாப் துணி கிழிசல் இல்லாம நல்லாவே இருந்துச்சு, அதனால ஜன்னல் பீஸ் மட்டும் வாங்கிப் போட்டேன்.

பீஸ் சூப்பர். பழசை விட தடிமன், தையல் நெருக்கமா நேரா ஓடுது, பார்வைல அலை அடிக்கல. சுருட்டி வந்ததால கோடு கோடா மடிப்பு இருந்துச்சு, வெயில்ல விரிச்சுப் போட்டதும் முக்கால்வாசி தானா போயிடுச்சு. மாட்டுற வேலையையும் வெயில்லயே வச்சுக்கோங்க, குளிர்ல வினைல் விறைச்சுக்கிட்டு இழுத்த இழுப்புக்கு வராது.

வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஜிப்தான். ஜிப்போட ஒரு பாதி டாப்லயே தங்கிடும், புதுசுல வர்ற பாதி அதோட பல்லுக்குப் பல் சேரணும். கம்பெனிக்குக் கம்பெனி பல் மாறும், அதனால வண்டியோட வந்த டாப்பா இல்ல நடுவுல மாத்தின டாப்பான்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்ததை வாங்குங்க. எனக்கு சேர்ந்துச்சு, மூலை வளைவுல மட்டும் மக்கர் பண்ணுச்சு, மெழுகுவர்த்தியைப் பல்லுல தேச்சு விட்டதும் சர்ருனு ஏறிடுச்சு.

ஜிப்பைக் கழட்டி மாட்டுனா முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, உண்மையான வேலை கீழ் ஓரத்துலதான். சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டைத் தூக்கினா தகடு பட்டை இருக்கும், அதுல வரிசையா 10 எம்எம் நட்டு, கை நுழையவே இடம் பத்தாது. முந்தின ராத்திரியே துருவை இளக்குற எண்ணெய் அடிச்சு வச்சிருங்க, இல்லன்னா நட்டு ஏறியிருக்கிற ஸ்டட் (போல்ட்) முறிஞ்சிடும். அந்தப் பட்டைக்கு அடில ரெயின் ரெயில்னு ஒரு பிளாஸ்டிக் இருக்கு, மேல இருந்து வர்ற தண்ணியைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இருக்கிற டிரெயினுக்கு, அதான் தண்ணி வெளியேறுற குழாய்க்கு, அனுப்புறது அதுதான். வயசான வண்டில அது அப்பளமா நொறுங்கும், கையோட அதையும் வாங்கி மாத்திடுங்க, ரெண்டாவது தடவை அந்த நட்டெல்லாம் கழட்ட யாருக்கும் தெம்பு இருக்காது. டிரெயின் குழாய்லயும் தண்ணி ஊத்திப் பாருங்க, அது அடைச்சிருந்தா புது ஜன்னல் போட்டும் உள்ள ஈரமாத்தான் இருக்கும், பழி மட்டும் ஜன்னல் மேல விழும்.

கூட வந்த பேப்பரைப் பத்தி என்ன சொல்ல, ஜிப் இழுக்கிறதுக்கு மூணு படம், கீழ் பட்டைக்கு ஒரு வரி கூட இல்ல. அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட், அஞ்சுக்கு நாலு.

1998ல இருந்து வந்த அடுத்த ஜெனரேஷன் மாதிரி ஹீட்டர் கம்பியோட நிஜக் கண்ணாடியே போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், பனில பார்வைக்கு அதான் பெஸ்ட், ஆனா அதுக்கு டாப்பையே மாத்தணும். துணி நைஞ்சிருந்தா யோசிக்காம அந்தப் பக்கம் போயிடுங்க, நைஞ்ச துணில புது ஜன்னல் மாட்டினா இழுக்கிற இழுப்புல தையல்தான் விடும்.

போட்டதுக்கப்புறம் டாப்பை இறக்கும்போதெல்லாம் முதல்ல ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையா படுக்க வச்சு மேல ஒரு துண்டு விரிச்சுட்டு அப்புறம் இறக்குங்க. சோம்பேறித்தனப்பட்டு அப்படியே மடக்கினா மடிப்பு விழுந்த இடத்துலயே விரிசல் விடும், குளிர்ல இன்னும் சீக்கிரம். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, தண்ணி விட்டு தூசியைக் கழுவிட்டு ஈரமான காட்டன் துணியால துடைச்சாலே போதும்.